மண் இறுகினால் வேர் அறியும்



சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, உபதேசியாருடன் வரப்பு வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் நெல்லின் அடித்தாள்களுக்கிடையே உளுந்து இளம்பச்சையாய்த் தலைகாட்டியிருந்தது. எங்களோடு நடந்து வந்த முதிய விவசாயி ஒருவர் தம் வயலில் இறங்கி, இரண்டு செடிகளை வேர் அறாமல் மெல்லப் பெயர்த்தெடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒன்றின் வேர் நூல்போல் மெலிந்து நேராக நீண்டிருந்தது. மற்றதன் வேர் அதில் பாதி நீளமும் இல்லை; தடித்து, முனை ஒருபுறம் கோணியிருந்தது.

"இரண்டும் ஒரே சாக்கு விதைதான் சாமி. ஒரே நாளில் என் கையால் தெளித்தது. இது வயல் நடுவே நின்றது. அது அறுப்பு மிஷின் சக்கரம் போன தடத்தில் நின்றது. கீழே மண் இறுகிக் கிடக்கிறது என்று இந்த வேருக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அதற்குக் கண்ணா இருக்கிறது?" என்று கேட்டார்.

அடுத்த முறை வரும்போது விடை சொல்வதாகக் கூறி வந்தேன். தேடிப் படித்தபோது, அந்த விடை வயலோடு நின்றுவிடவில்லை. நம் உடலுக்குள்ளும், இறுதியில் அவருடைய இல்லத்துக்குள்ளும் அது என்னை அழைத்துச் சென்றது. அதனையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நெல்லுக்கு உதவி, உளுந்துக்கு இடையூறு

தஞ்சைத் தரணியின் பெரும்பகுதி களிமண் பூமி. காவிரியும் அதன் கிளைகளும் நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் இது. நெல் நடுவதற்கு முன் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு செய்கிறோம். கட்டிகள் கரைந்து மேல்மண் குழம்பாகிறது. நாற்றின் இளவேர் அதில் நோவின்றி இறங்குகிறது. ஆனால் அதே உழவும், மாட்டின் குளம்பும், டிராக்டரின் சக்கரமும் ஆண்டுதோறும் அழுத்துவதால், ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் மண் இறுகிப் பலகைபோல் ஒரு தட்டு உண்டாகிவிடுகிறது. நெல்லுக்கு அத்தட்டு உதவியே. பாய்ச்சிய நீர் கீழிறங்கி வீணாகாமல் அது தாங்கிக்கொள்கிறது.

உளுந்தின் நிலை வேறு. நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பது நம் வழக்கம். அதன்பின் பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் இரவுப் பனியுமே அதன் 65 முதல் 75 நாள் வாழ்வுக்கு ஆதாரம். அந்த ஈரமோ நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. வேரும் அதனைப் பின்தொடர்ந்து இறங்கியாக வேண்டும். வேர் நின்றால் செடி வாடும். நெல் விற்ற பணம் கடனுக்குப் போய்விட, உளுந்துப் பணத்தை நம்பியே பிள்ளைகளின் படிப்பை நடத்தும் குடும்பங்கள் இங்கே உண்டு. எனவே வேர் ஏன் நிற்கிறது என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அடுப்பங்கரைவரை வந்து நிற்கும் கேள்வி.

திரும்பி வரும் செய்தி

வேர் கடினமான மண்ணில் முட்டுகிறது, துளைக்க வலிமை போதாமல் நின்றுவிடுகிறது என்றே நம்மில் பலர் எண்ணுவோம். இங்கிலாந்து நாட்டு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிபின் பாண்டே, மால்கம் பென்னட் முதலிய விஞ்ஞானிகள் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைச் சொல்லிற்று.

வாழைத்தாரை மூடிய அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். புகையிலுள்ள எத்திலீன் என்னும் வாயுவே காயைப் பழுக்கச் செய்கிறது. அந்த வாயுவைச் செடிகள் தாமும் உண்டாக்குகின்றன. வளரும் வேரிலிருந்தும் அது சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. மண் பொலபொலவென்று இருந்தால், துகள்களுக்கிடையே உள்ள சந்துகளின் வழியே அந்த வாயு அகன்று போய்விடும். மண் இறுகியிருந்தாலோ சந்துகள் அடைபட்டுவிடுகின்றன. வேர் விட்ட வாயு வெளியேற வழியின்றி வேரிலேயே தங்கிச் செறிகிறது. அதுவே வேரின் உயிரணுக்களுக்குச் செய்தி. செய்தி கிட்டியதும் அவை நீள்வதைக் குறைத்துக்கொண்டு பருக்கத் தொடங்குகின்றன. அந்த முதியவர் என் கையில் வைத்த கட்டை வேரின் தோற்றம் இதனோடு பொருந்துகிறது.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. எத்திலீனின் செய்தியை உணர இயலாதவாறு மாறுபட்ட நெற்பயிரை அவ்விஞ்ஞானிகள் இறுகிய மண்ணில் வளர்த்துப் பார்த்தனர். அதன் வேர்கள் மற்றப் பயிரின் வேர்களைவிட நன்றாகவே அந்த மண்ணைத் துளைத்துச் சென்றன! அப்படியானால் வேர் நின்றது வலிமையின்மையால் மட்டும் அன்று. 'இங்கு வழியில்லை' என்ற செய்தியைப் பெற்றதாலேயே அது தன்னை நிறுத்திக்கொண்டது.

மாசி முதல் வாரத்தில் மீண்டும் அக்கிராமத்துக்குச் சென்றபோது இதையெல்லாம் அம்முதியவருக்கு எடுத்துரைத்தேன். கவனமாகக் கேட்டார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. உபதேசியார் சற்று அப்பால் சென்றதும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சாமி, என் மகனுக்கு ஈரல் இறுகிப்போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார். பதினைந்து வருடக் குடி. மண்ணை உழுது இளக்கிவிடலாம். ஈரலை இளக்க முடியுமா?"

அவருடைய உண்மையான கேள்வி அதுவே என்று அப்போதுதான் உணர்ந்தேன். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவர் இசைவு தந்ததால் இங்கே எழுதுகிறேன்.

இழுத்துப் பார்க்கும் உயிரணு

வேரைப் போலவே நம் உடலின் உயிரணுக்களும் தாம் அமர்ந்திருக்கும் இடம் மென்மையானதா, கடினமானதா என்று அறிகின்றன. ஆனால் அவை அறியும் முறை வேறு. சேற்றில் முளையடித்து மாட்டைக் கட்டினால், மாடு இழுத்தவுடன் முளை சாய்ந்து கயிறு தொய்கிறது. காய்ந்த களத்துமேட்டில் முளையடித்தால் கயிறு விறைத்து நிற்கிறது. கயிற்றின் விறைப்பைக் கொண்டே நிலத்தின் உறுதியைச் சொல்லிவிடலாம் அன்றோ? உயிரணு செய்வதும் இதுவே. இன்டெக்ரின் என்னும் புரதங்களால் அது தன்னைச் சூழ்ந்த நார்களைப் பற்றிக்கொள்கிறது. தனக்குள் இருக்கும் ஆக்டின், மயோசின் என்னும் புரதங்களால் அவற்றை இழுக்கிறது. நம் தசை சுருங்கி விரிய உதவும் புரதங்களும் இவையே. இழுத்த இழுப்புக்குச் சூழல் எவ்வளவு இணங்கிக் கொடுக்கிறது என்பதைக் கொண்டு, தான் எத்தகைய இடத்தில் இருக்கிறோம் என்பதை உயிரணு தெரிந்துகொள்கிறது.

விஞ்ஞானிகள் இதனைத் தெளிவாக அறியக் காலம் பிடித்தது. உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டிலும் பிளாஸ்டிக் தட்டிலும் வைத்து வளர்ப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. நம் உடலின் மெல்லிய உறுப்புகளைவிட அத்தட்டுகள் பல இலட்சம் மடங்கு கடினமானவை. 1997-இல் அமெரிக்காவில் ராபர்ட் பெல்ஹாம், யூ-லி வாங் என்னும் இருவர், விரும்பிய அளவுக்கு இளக்கமாகவோ இறுக்கமாகவோ செய்யக்கூடிய ஒருவகைக் கூழ்ப்பொருளின்மீது உயிரணுக்களை வளர்த்தனர். இளநீர் வழுக்கையிலிருந்து முற்றிய தேங்காய்ப் பருப்புவரை எத்தனை பதம் உண்டோ, அத்தனை பதத்திலும் அப்பொருளைச் செய்யலாம். பதம் மாறியபோது உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் விதமும் நகரும் விதமும் மாறின. பெற்ற உணவு ஒன்றே. இருந்த இடத்தின் பதம் மட்டுமே வேறு.

2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் முதலியோர் மேலும் ஒரு படி சென்றனர். மனித எலும்பு மஞ்ஞையிலிருந்து எடுத்த மூல உயிரணுக்களை, அதாவது இன்ன உறுப்பின் உயிரணுவாக ஆவது என்று இன்னும் முடிவாகாத இளம் உயிரணுக்களை, மூன்று பதங்களில் வைத்தனர். மூளையைப் போன்ற மென்மையில் வைத்தவை நரம்பணுவின் சாயலில் கிளைவிட்டன. தசையைப் போன்ற பதத்தில் வைத்தவை தசையணுவின் சாயலை ஏற்றன. எலும்பு உருவாகும் இடத்தின் கடினத்தில் வைத்தவை எலும்பணுவின் சாயலை ஏற்றன. மயோசினின் இழுவிசையை ஒரு மருந்தால் நிறுத்தியபோதோ இந்த வேறுபாடு தோன்றவில்லை. இன்று இது ஒரு தனி விஞ்ஞானமாகவே வளர்ந்துள்ளது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009-இல் இதற்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடினம் என்பது தன்னளவில் தீமை அன்று. எலும்பணுவுக்கு அது வேண்டும். நெல் வயலின் அடித்தட்டுக்கும் அது வேண்டும். படைத்தவர் ஒவ்வொன்றுக்கும் உரிய பதத்தை வைத்திருக்கிறார். மென்மையாயிருக்க வேண்டிய இடத்தில் கடினம் வந்து குடியேறுவதே நோய்.

ஈரலில் நிகழ்வது

ஈரல் மென்மையான உறுப்பு. அதன் மென்மையை இக்காலத்தில் கத்தியின்றி அளக்கலாம். விலா எலும்புகளுக்கிடையே ஒரு கருவியை வைத்து மெல்லிய அதிர்வு ஒன்றை உள்ளே அனுப்புகிறார்கள். இறுகிய ஈரலில் அந்த அதிர்வு விரைந்து செல்லும்; மெல்லிய ஈரலில் மெதுவாகச் செல்லும். வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். கிடைக்கும் அளவைக் கிலோபாஸ்கல் என்னும் அலகில் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்க மேதையாகிய பிளேஸ் பாஸ்கலின் பெயரால் வந்த அலகு அது. வயலில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது அடிமண்ணின்மேல் செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல். நலமான ஈரலின் அளவு ஐந்தை ஒட்டி இருக்கும். வடுப்பட்டு இறுகிய ஈரலில் பன்னிரண்டுக்கு மேலும், சிலருக்கு இருபது, முப்பது என்றும் போகும்.

ஈரலில் நட்சத்திர வடிவான ஒருவகை உயிரணுக்கள் உண்டு. நல்ல நாளில் அவை வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கின்றன. மதுவோ வேறு காரணமோ ஈரலைப் புண்படுத்தினால் அவை விழித்துக்கொண்டு, காயத்தை ஆற்றும் பொருட்டு நார்களை நெய்கின்றன. புண் ஆறினால் பணி முடிந்தது. ஆனால் நாள்தோறும் புண்படுத்தினால் நார் மேன்மேலும் பெருகுகிறது, ஈரல் இறுகுகிறது. இடம் இறுகிவிட்டதை அவ்வுயிரணுக்கள் இழுத்துப் பார்த்து அறிகின்றன. அறிந்ததும் இன்னும் மிகுதியாக நார் நெய்கின்றன. கடினம் கடினத்தைப் பெறுகிறது. எலிகளில் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. வடுநார் கண்ணுக்குத் தெரியும் அளவில் மிகுவதற்கு முன்பே ஈரல் விறைக்கத் தொடங்கிவிடுவதை அது காட்டிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஈரல் நோயாளிகள் அனைவரும் குடிகாரர் அல்லர். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சில வகை, சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவற்றாலும் ஈரல் இறுகும். நோயுற்ற ஒருவரைக் கண்டதும் குடியைச் சந்தேகிப்பது பிறர் அன்புக்கு மாறானது.

காலத்தே செய்க

அப்படியானால் முதியவருடைய கேள்விக்கு விடை என்ன? ஈரலை இளக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும் என்பதே மருத்துவம் தரும் விடை. புண்படுத்தும் காரணம் நீங்கினால், நட்சத்திர உயிரணுக்களில் பல அடங்குகின்றன. வேறு சில மடிகின்றன. நெய்த நாரில் ஒரு பகுதியை உடலே கரைத்துவிடுகிறது. தொடக்க நிலையில் உள்ள வடு பெரிதும் குறையக்கூடும். மிக முற்றிய நிலையில் ஈரல் பழைய வடிவை அடையாது. ஆயினும் அந்நிலையிலும் குடியை விட்டவர்கள், விடாதவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள்.

ஆனால் காலம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி ஆன்சத் என்னும் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மூல உயிரணுக்களைக் கடினமான தட்டில் சிறிது காலமே வைத்துப் பின் மென்மையான இடத்துக்கு மாற்றியபோது, அவை கடினத்தின் தாக்கத்தை விட்டொழித்தன. பத்து நாள்கள் கடினத்தில் இருந்தவையோ, மென்மைக்கு வந்த பின்னும் கடினத்தில் இருந்தவைபோலவே நடந்துகொண்டன. உயிரணுவுக்கும் ஒருவகை நினைவு உண்டு! நெடுநாள் பழகிய கடினத்தை அது எளிதில் மறப்பதில்லை. ஆகவே 'அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும், பிறகு விடுகிறேன்' என்று நாள் கடத்துவது ஆபத்தானது.

குடியை விடுவோர் மருத்துவரின் துணையோடு விடுதல் நலம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரக்கூடும். அதற்கு மருந்து உண்டு. குடியிலிருந்து மீண்டவர்களே ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை 1935-இல் அமெரிக்காவில் தோன்றியது. தமிழகத்திலும் பல ஊர்களில் அது கூடுகிறது. அங்குச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிலமும் நெஞ்சமும்

நம் ஆண்டவர் உரைத்த விதைப்பவர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். விதை ஒன்றே. வழியோரம், பாறை நிலம், முட்செடிகளின் நடுவிடம், நல்ல நிலம் என்று விழுந்த இடங்களே வேறு. பாறை நிலத்தில் முளைத்தது வேர் இறங்காமையால் வெயிலில் கருகிற்று. எசேக்கியேல் இறைவாக்கினரோ மற்றொன்றைச் சொல்கிறார்: மக்களின் நெஞ்சத்தில் கல்லாகிப்போனதை இறைவனே அகற்றி, உணர்வுள்ள சதையாலான நெஞ்சத்தை அருள்வார் என்று வாக்களிக்கிறார். நம் நாட்டு விவசாயிக்கு இது நன்கு விளங்கும். இறுகிய நிலத்தை அவர் சபித்துவிட்டுப் போய்விடுவதில்லை. கோடை உழவு போடுகிறார், தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுகிறார், தொழுவுரம் இடுகிறார், தட்டு ஆழத்தில் இருந்தால் உளிக்கலப்பையைக் கொண்டு உடைக்கிறார். பொறுமையாகச் செய்தால் மண் மாறுகிறது.

மனிதன் வெறும் உயிரணுக்களின் கூட்டம் அல்லன்; அவனுக்கு அறிவும் மனச்சுதந்திரமும் உண்டு. குடிப்பவர் குடிக்கத் தாமே பொறுப்பாளி. மனைவியின் முகச்சுளிப்பும் தந்தையின் கோபமும் அதற்குச் சாக்கு ஆகமாட்டா. எனினும் விடவேண்டும் என்று அவர் எண்ணத் தொடங்கும் நாளில், வீடு அவருக்கு எத்தகைய நிலமாக இருக்கப்போகிறது என்பதை நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'நீயா திருந்தப் போகிறாய்?' என்ற ஒரு சொல் போதும், சக்கரம் போன தடம்போல் நெஞ்சை இறுக்கிவிட. அதற்காக அவருடைய கையில் பணத்தைக் கொடுப்பதும், குற்றத்தை மூடி மறைப்பதும் மென்மை ஆகா. அவை சதுப்பு நிலம். முளையும் நிற்காது, செடியும் நிற்காது. உறுதியும் இரக்கமும் கலந்த பதமே இல்லத்துக்கு உரிய பதம். உளுந்து தெளிப்பவர் மெழுகுப் பதத்தைக் கால்விரலால் அறிவதுபோல், அந்தப் பதத்தை அனுபவத்தாலும் செபத்தாலும்தான் அறிய முடியும்.

இதையெல்லாம் அம்முதியவரிடம் சொன்னபோது, "மகனிடம் நான் பேசி இரண்டு வருடம் ஆகிறது சாமி. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாம்பல் புதன் திருப்பலிக்கு அவர் வந்திருந்தார். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மெலிந்த உடலோடு நின்றிருந்தார். இருவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து நெற்றியில் சாம்பல் பெற்றுச் சென்றனர். வெளியே வந்தபின் முதியவர் என்னிடம், "நாளை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போகிறோம் சாமி" என்று மட்டும் சொன்னார்.

அம்மகனின் ஈரல் எவ்வளவு இளகும் என்பது இனித்தான் தெரியும். ஆனால் இரண்டு ஆண்டுகளாக இறுகிக் கிடந்த ஒரு நிலத்தில் முதல் உழவு விழுந்துவிட்டது. இத்தவக்காலத்தில் நம் இல்லங்களிலும் அத்தகைய தடம் ஏதேனும் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்ப்போமாக. இருப்பின், ஈரம் கீழிறங்கிப் போவதற்கு முன் கலப்பையை எடுப்போமாக.